ஆர்.ஓ. படம் காட்டினால் மட்டும் யாரும் குடித்துவிட மாட்டார்கள்

சுத்திகரித்த கழிவுநீரைக் குடிக்கலாம் என்று எங்கே பேச்செடுத்தாலும் முதலில் வருவது கேள்வி இல்லை, முகச்சுளிப்புதான். அதைப் பார்த்ததும் எங்கள் துறைக்காரர்கள் (நான் தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறவன், நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதும் என் தலையில்தான் விழும்) உடனே ஒரு படத்தைப் போடுவார்கள். இடப்பக்கம் கலங்கிய தண்ணீர், வலப்பக்கம் தெளிந்த தண்ணீர், நடுவில் மூன்று பெட்டிகள், அம்புக்குறிகள். மைக்ரோஃபில்ட்ரேஷன் (நுண்துளை வடிகட்டி), ஆர்.ஓ. (உப்பைக்கூடப் பிடிக்கும் சவ்வு), புறஊதாக் கதிர். அப்புறம் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் நீங்குகிறது என்று ஒரு பட்டியல். கேட்டவர் தலையாட்டுவார், நன்றி சொல்வார், மேசையில் வைத்த தம்ளரைத் தொடாமல் எழுந்து போவார்.

அவருக்குப் புரியவில்லை என்று நாமாக முடிவுகட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்தில் இன்னும் பெரிய படம் போடுகிறோம். அவருக்கு நன்றாகவே புரிந்தது. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். இது இரண்டும் வேறு வேறு விஷயம், வேறு வேறு மருந்து.

பால் ரோசின் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர், அருவருப்பு என்ற உணர்ச்சியைப் பல காலம் ஆராய்ந்தவர். 1980களில் அவரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். கிருமிநீக்கம் செய்த செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் போட்டு எடுத்துவிட்டு, இதைக் குடிப்பீர்களா என்று கேட்டார்கள். பூச்சியில் ஒரு கிருமியும் இல்லை என்பது தெரிந்தும் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டது பட்டதுதான் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதே ரோசின், ஹாடாட், நெமராஃப், ஸ்லோவிக் ஆகியோரோடு சேர்ந்து 2015இல் மறுசுழற்சித் தண்ணீரைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கர்களிடம் கேட்டதில் 49 சதவீதம் பேர் குடித்துப் பார்க்கத் தயார், 13 சதவீதம் பேர் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டோம் என்றார்கள், மீதி 38 சதவீதம் பேருக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நாம் பேச வேண்டியது அந்த 38இடம்தான். ஆனால் கூட்டத்தில் சத்தம் போடுவது அந்த 13தான் என்பதால், நம் நேரமெல்லாம் அவர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது.

இந்த வகை ஆய்வுகளில் எனக்குச் சுவாரசியமாகப் பட்ட இன்னொன்று, அதே தண்ணீரை ஓர் ஆற்றிலோ நிலத்தடியிலோ விட்டு, கொஞ்ச காலம் கழித்து எடுத்தால் மக்களுக்கு அது பரவாயில்லையாகிவிடுகிறது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது தலைகீழ். ஆர்.ஓ.வைத் தாண்டி வந்த தண்ணீரை ஏரியில் கலந்தால் ஏரிதான் சுத்தமாகும், அந்தத் தண்ணீர் அல்ல. உப்பு, பாசி, பறவை எச்சம் எல்லாம் திரும்ப ஏறிக்கொள்ளும், அதையெல்லாம் எடுக்க மறுபடியும் ஒரு முறை வடிகட்ட வேண்டும். ஆனாலும் இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கழிப்பறைக்கும் குழாய்க்கும் நடுவில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. தவறு நடந்தால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது என்ற வகையில் பொறியாளர்களுக்குமே அந்த ஏரியும் நிலத்தடியும் உதவிதான், அதை நாம் சரியாகச் சொல்வதில்லை.

சரி, ஊர் உலகத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் டூவூம்பா என்று ஒரு நகரம், கடலோரம் இல்லை, உள்நாடு. கடும் வறட்சி. 2006 ஜூலையில் கழிவுநீரைச் சுத்திகரித்து அணையில் சேர்க்கலாமா என்று பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்று போட்டார்கள். தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை, உலகத்தில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த முறைதான். ஆனால் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மக்களிடம் பேசச் சில மாதங்களே இருக்கும்போது, ஆமாம் இல்லை என்று இரண்டே பதில் உள்ள ஒரு சீட்டை மக்கள் கையில் கொடுத்தால், பயந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? எதிர்த்தவர்களுக்கு ஒரு வாசகம் போதும், ஆதரித்தவர்களுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. கடைசியில் அந்த நகரத்துக்கு இன்னோர் அணையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி இதற்கு நேர் எதிர். அங்கே 1976லேயே, கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறாமல் தடுப்பதற்காக, சுத்திகரித்த கழிவுநீரைக் கிணறுகள் வழியாகப் பூமிக்குள் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போதைய பெரிய நிலையம் ஓடத் தொடங்கியது 2008இல்தான், ஆனால் அதற்கான பேச்சை 1990களிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் ஆண்டு இரண்டு ஆண்டு இல்லை, கிட்டத்தட்டப் பத்து ஆண்டு வீதி வீதியாகப் பேச்சு. மருத்துவர்கள் கூட்டம், முதியோர் சங்கம், வழிபாட்டு இடங்கள், வணிகர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் என்று யார் கூப்பிட்டாலும் போனார்கள், கூப்பிடாத இடத்துக்கும் போனார்கள். வறட்சி வந்தபோது பேச்சு ஏற்கனவே முடிந்திருந்தது. 2023இல் அதை விரிவாக்கி முடித்தார்கள், இப்போது நாளொன்றுக்கு 13 கோடி கேலன், அதாவது சுமார் 49 கோடி லிட்டர். பக்கத்திலேயே இருக்கிற சான் டியாகோவில் 1990களின் கடைசியில் இதே மாதிரித் திட்டத்தை எதிர்ப்பு காரணமாகக் கைவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கட்டி முடித்த திட்டத்தையே, 'கக்கூஸிலிருந்து குழாய்க்கு' என்ற கோஷம் கிளம்பியதும் மூடினார்கள். பின்னால் சான் டியாகோ என்ன செய்தது? ஒரு சிறிய மாதிரி நிலையத்தைக் கட்டி, வந்து பாருங்கள் என்று கதவைத் திறந்து வைத்தது. 2014இல் நகர மன்றம் முழுத் திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுத்தது.

சிங்கப்பூர் கதை தமிழில் பல பேர் எழுதியதுதான், அதனால் நீட்டவில்லை. 2002 தேசிய தினத்தில் பிரதமர் கோ சோக் டோங்கோடு ஆயிரக்கணக்கானவர்கள் நியூவாட்டர் (சுத்திகரித்த கழிவுநீருக்கு அங்கே வைத்த பெயர்) பாட்டிலை உயர்த்திக் குடித்த படத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். தலைவர் குடித்தார், மக்கள் குடித்தார்கள் என்று பாடம் எடுக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. தலைவர்கள் கேமரா முன்னால் ஒரு மடக்கு குடிப்பதை எல்லா ஊரிலும் பார்த்தாயிற்று. அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் ஒரு சோதனை நிலையத்தை ஓட்டி, வெளிநாட்டு நிபுணர்களும் இருந்த ஒரு குழுவை வைத்து முடிவுகளைச் சரிபார்த்தார்கள். அதற்குப் பின்னால் மக்களுக்கென்று ஒரு பார்வையாளர் மையம் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கூட்டிக் காட்டினார்கள். பாட்டில் நடுவில் வந்த விஷயம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கணினிச் சிப் ஆலை மாதிரித் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. ஒரு பங்குதான் நீர்த்தேக்கத்தில் கலந்து குடிநீருக்கு வருகிறது.

நமீபியாவின் விண்ட்ஹோக்கைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1968இலிருந்து, ஏரி ஆறு என்று எந்த இடைவழியும் இல்லாமல், சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு நேரடியாகக் கலந்து குடிக்கிறார்கள். உலகத்திலேயே இதை முதலில் செய்தவர்கள் அவர்கள்தான். 2002இல் புது நிலையம் வந்தது, அதிலும் ஆர்.ஓ. கிடையாது. ஓசோன், கரி வடிகட்டி, மெல்லிய சவ்வு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடுப்புகள். அதைவிட முக்கியம், தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவிடாமல் தனியாகப் பிரித்து வேறு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆக, சுத்தம் தொடங்குவது மெஷினில் இல்லை, சாக்கடையின் வாயில்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கூட்டத்தில் மக்கள் கேட்கும் கேள்விகளை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தால், அடியில் ஒரே கேள்விதான் இருக்கும்: உங்கள் மெஷின் வேலை செய்யும்போது தண்ணீர் சுத்தம், சரி, ஒத்துக்கொள்கிறோம், வேலை செய்யாதபோது என்ன ஆகும், அது எங்களுக்கு எப்போது தெரியும், யார் சொல்வார்கள்? நாமோ மெஷின் வேலை செய்யும்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று.

அதனால் நான் சுற்றிக் காட்டும்போது முதலில் ஆர்.ஓ. பக்கம் போவதே இல்லை. நேராக மைக்ரோஃபில்ட்ரேஷன் வரிசைக்கு அழைத்துப்போய், அன்றைய சோதனை நடக்கும் நேரமாகப் பார்த்து நிறுத்துவேன். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள், ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள குழல், சுவரில் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒன்று இரண்டு அளவுக்கு நுண்துளைகள். தினமும் இந்த இழைக்கட்டுகளின் ஒவ்வோர் அடுக்கையும் சிறிது நேரம் நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு பக்கம் காற்றை அழுத்தி வால்வை மூடுவோம். இழைகள் முழுசாக இருந்தால் ஈரமான நுண்துளை வழியாகக் காற்று அவ்வளவு சுலபத்தில் வெளியே போகாது, அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். எங்கோ ஓர் இழை அறுந்திருந்தால் திரையில் கோடு சட்டென்று சரியும். சரிந்தால் அந்த அடுக்கு வேலைக்குத் திரும்பாது. அதைத் தனியாக்கி, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரி எங்கிருந்து குமிழி வருகிறது என்று தேடி, அந்த ஒற்றை இழையின் வாயில் ஒரு சின்ன முளையை அடித்து அடைப்போம். அடைத்த முளைகளோடு இருக்கிற பழைய இழைக்கட்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறோம், அதைக் கையில் கொடுப்பேன். வந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், எண்ணுவார்கள். "இதெல்லாம் அறுந்ததா?" என்று கேட்பார்கள். ஆமாம், அறுந்ததுதான், கண்டுபிடித்து அடைத்தோம். அந்த இடத்தில்தான் பேச்சு மாறும். அதுவரை சும்மா நின்றவர் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

அடுத்துக் காட்டுவது, யாரும் கவனிக்காத ஒரு குழாய். புறஊதாக் கதிர் அறைக்குப் பின்னால் தண்ணீர் இரண்டு வழியில் போகலாம், ஒன்று முன்னால், இன்னொன்று திரும்பத் தொடக்கத்துக்கு. ஆர்.ஓ. தண்ணீரின் கன்டக்டிவிட்டி (உப்பு இருப்பதைக் காட்டும் மின்கடத்தும் அளவு) ஏறினாலோ, கரிமப் பொருளை அளக்கும் மீட்டர் எல்லை தாண்டினாலோ, விளக்கின் ஒளி குறைந்தாலோ வால்வு தானாகவே திரும்பிவிடும், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காது. கையடக்க மீட்டர் ஒன்றையும் கொடுத்து, ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீரையும் வரும் தண்ணீரையும் அவர்களையே அளக்கச் சொல்வேன். நாம் சொல்லும் எண்ணுக்கும், தானே அளந்து பார்த்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதே புத்தியோடுதான் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். கலிஃபோர்னியாவில் இப்படிச் சுத்திகரித்த தண்ணீரை நிலத்தடியில் சேர்க்க வேண்டுமென்றால், வைரஸ் லட்சம் கோடியில் ஒன்றாகக் குறைய வேண்டும், பன்னிரண்டு சுழியம். ஆனால் எந்த ஒரு தனிக் கட்டத்துக்கும் ஆறு சுழியத்துக்கு (பத்து லட்சத்தில் ஒன்று) மேல் மதிப்பெண் தர மாட்டார்கள், அது உண்மையில் எவ்வளவு வேலை செய்தாலும் சரி. எந்த ஒரு மெஷினையும் முழுசாக நம்பாதே என்பதைத்தான் விதியாக எழுதியிருக்கிறார்கள். ஏரி, நிலத்தடி எதுவும் இடையில் இல்லாமல் நேரடியாகக் குழாய்க்கு விடுவதற்கு அங்கே 2023 டிசம்பரில் விதிகளை ஏற்றார்கள், அதில் வைரஸுக்கு இருபது சுழியம். எண்ணைக் கேட்டு மலைப்பதைவிட, நம்மை மாதிரியே சந்தேகப்படுகிறவர்கள்தான் விதி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிவது நல்லது.

மறைக்கக் கூடாதவை சில உண்டு. ஆர்.ஓ. எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்லவே சொல்லாதீர்கள், அது பொய். என்.டி.எம்.ஏ. (புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் ஒரு ரசாயனம்), அசிட்டோன் (ஒரு கரைப்பான்) மாதிரி மிகச் சிறிய, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் ஓரளவு நழுவிப் போகும். என்.டி.எம்.ஏ.வை உடைக்கத்தான் அந்தப் புறஊதாக் கதிர். அசிட்டோனை அது அவ்வளவாக உடைக்காது, அதனால்தான் யாராவது சாக்கடையில் கரைப்பான் கொட்டினால் கரிமப் பொருள் மீட்டர் முதலில் கத்தும். வீட்டில் மிச்சமான பெயின்ட் கரைப்பான், காலாவதியான மாத்திரை இதையெல்லாம் கழிப்பறையில் தள்ளாதீர்கள் என்று சொல்வதும் இந்தக் கல்வியில் ஒரு பாதிதான். தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று மட்டும் சொல்லி, நீங்கள் எதை அனுப்புகிறீர்கள் என்று கேட்காமல் விட்டால் அரைக் கிணறு தாண்டின கதைதான். அப்புறம், நூறு லிட்டர் ஆர்.ஓ.வுக்குள் போனால் சுமார் எண்பத்தைந்துதான் நல்ல தண்ணீராக வரும். மீதிப் பதினைந்தில் பிடித்த உப்பும் மருந்து எச்சமும் பி.எஃப்.ஏ.எஸ். என்கிற, எளிதில் சிதையாத வகை ரசாயனங்களும் செறிவாக இருக்கும். அதை எங்கே விடுகிறோம் என்று கேட்டால் முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மருந்துகள் பற்றி எப்போதும் கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆர்.ஓ. சவ்வைத் தாண்ட முடியாத பெரிய மூலக்கூறுகள், மிச்சமிருப்பதை லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் தேடுகிறோம். "இல்லை" என்று சொல்வதைவிட "இந்த அளவுக்குக் கீழே எங்கள் கருவிக்குத் தெரியாது" என்று சொன்னால் நம்புகிறவர்கள் கூடுகிறார்கள், குறைவதில்லை.

சிலர் எதிர்ப்பக்கமிருந்து பயப்படுவார்கள், இவ்வளவு சுத்தமாக இருந்தால் சத்தே இருக்காதே என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் வெறும் தண்ணீர், கிடைத்ததைக் கரைக்கப் பார்க்கும், குழாயின் சிமென்டைக்கூட அரிக்கும். அதனால் சுண்ணாம்பு சேர்த்து நிதானப்படுத்தித்தான் அனுப்புகிறோம்.

ருசிக்கு வருவோம். 2018இல் கலிஃபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வில், எது எது என்று சொல்லாமல் மூன்று வகைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். மறுசுழற்சித் தண்ணீருக்கும் பாட்டில் தண்ணீருக்கும் மக்கள் கொடுத்த மதிப்பெண் ஏறக்குறைய ஒன்று, சாதாரண நிலத்தடிக் குழாய்த் தண்ணீரைத்தான் பலருக்குப் பிடிக்கவில்லை. நல்ல விளையாட்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நாங்களும் செய்கிறோம். ஆனால் ருசியாக இருக்கிறது என்பது பாதுகாப்புக்குச் சான்று இல்லை. அதை வாதமாக வைத்தால் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். அதே மாதிரி, உலகத்தில் எல்லாத் தண்ணீரும் பழைய தண்ணீர்தான், டைனோசர் குடித்ததைத்தான் நாமும் குடிக்கிறோம் என்று ஒரு வசனம் உண்டு. அது என் காதில் விழுந்தாலே எரிச்சல் வரும். டைனோசர் காலத்தில் பெயின்ட் கரைப்பான் இல்லை. அதைவிட, பெரிய ஆறுகளின் கீழ்ப்பகுதியில் இருக்கிற ஊர்கள் மேலே இருக்கிற ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் கலந்து எடுத்துத்தான் பல காலமாகக் குடிக்கின்றன என்று காட்டுவது மேல். டாலஸ் பகுதியின் கழிவுநீர் டிரினிட்டி ஆற்றோடு ஹியூஸ்டன் பக்கம் போகிறது, அங்கே அதை எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். இது நேர்மையான ஒப்பீடு, பார்க்கவும் முடியும். விண்வெளி நிலையத்தில் 2023இல் 98 சதவீதம் தண்ணீரைத் திரும்ப எடுத்தார்கள் என்ற செய்தி பிள்ளைகளிடம் எடுபடும். பெரியவர்களோ, நாங்கள் என்ன விண்வெளி வீரர்களா என்பார்கள், நியாயம்தான்.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது அந்த 13 சதவீதம். ஏரியில் கலந்தால்கூடக் குழாய் ஒன்றுதான், வேண்டாம் என்கிறவருக்குத் தனிக் குழாய் போட முடியாது. பெரும்பான்மைக்குச் சரி என்றால் அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரை அறியாதவர் என்று சொல்லவும் முடியவில்லை. இப்போதைக்கு நான் செய்வது, வால்வு திரும்பிய நாட்களின் பதிவேட்டை யார் கேட்டாலும் திறந்து காட்டுவது, அவர் கேட்டால் இரண்டு முறை காட்டுவது. எந்தத் தேதி, எந்த மீட்டர், எவ்வளவு நேரம், யார் போய்ப் பார்த்தார், எப்போது திரும்பத் திறந்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். சிலர் உட்கார்ந்து முழுசாகப் படிப்பார்கள், படித்துவிட்டு, தம்ளரைத் தொடாமலே கிளம்புவார்கள். அடுத்த மாதப் பதிவேட்டைப் பார்க்கத் திரும்பி வந்தவர்களும் உண்டு.